எவரெஸ்ட் உச்சியில் ஒரு மூச்சின் கணக்கு

1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். அவ்வளவு உயரத்தில் வெறும் காற்றைச் சுவாசித்தால் மூளை பாதிக்கப்படும் என்று பலர் அவர்களை எச்சரித்திருந்தார்கள். அந்த அச்சம் ஆதாரமற்றதும் அல்ல. 1924இலேயே எட்வர்ட் நார்ட்டன் உருளையின்றிச் சுமார் 8,570 மீட்டர் வரை ஏறிவிட்டார். எஞ்சியிருந்த முந்நூறு மீட்டருக்கும் குறைவான ஏற்றத்திற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

மேலே ஆக்சிஜனே கிடையாது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம், ஆனால் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடலோரத்தில் உள்ளது போலவே ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச உயரத்திற்கு இணையாக இருக்கும் காற்றழுத்தம் உச்சியில் 253தான் என்பதை, 1981 அக்டோபரில் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ் பிட்ஸோ அங்கேயே நின்று அளந்தார். இந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 72 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது.

உள்ளே போகும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகும்போது நீராவி 47 மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்கிறது. உடல் வெப்பநிலை எங்கும் ஒன்றே என்பதால், எந்த உயரத்திலும் இந்த அளவு மாறுவதில்லை. 253இல் 47 போனால் மிச்சம் 206. அதில் 21 சதவீதம் என்றால் வெறும் 43. கடலோரத்தில் இதே கணக்கு 149 என்று வரும். அந்த 43இலும் நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயு தன் பங்குக்கு இடம் பிடிக்கும். நம் நுரையீரலில் சாதாரணமாக இருக்கும் 40 மில்லிமீட்டர் கரியமில வாயு அங்கும் அப்படியே இருந்தால் ஆக்சிஜனுக்கு இடமே இருக்காது.

ஆகவே உடல் வேகவேகமாக மூச்சிழுத்து அந்த வாயுவை வெளியேற்றுகிறது. பிட்ஸோ உச்சியில் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி, தம் மூச்சின் கடைசிப் பகுதியைக் குப்பியில் பிடித்து வந்தார். அதில் கரியமில வாயு 7.5 மில்லிமீட்டர்தான் இருந்தது. சாகசத்தை விட இந்தக் குப்பிதான் எனக்கு வியப்பளிக்கிறது. கரியமில வாயு இவ்வளவு குறையும்போது இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதனால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றி, இருக்கிற கொஞ்சத்தையும் நுரையீரலிலிருந்து அள்ளிக்கொள்கிறது. 6,300 மீட்டர் முகாமில் உச்சியின் சூழலை ஒத்த, ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்துச் சோதித்தபோது, முழு மூச்சாக உழைத்தவர்களின் உடல் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆக்சிஜனையே உள்வாங்கியது. சும்மா படுத்திருப்பதற்கே அதில் கால் பங்கு வேண்டும். கடைசி ஏற்றத்தில் நாலடி வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்குவது இதனால்தான்.

இவ்வளவிலும் எவரெஸ்டுக்கு ஒரு சலுகை உண்டு. வானூர்திகளுக்காக வகுத்த பொது அட்டவணையின்படி 8,848 மீட்டரில் அழுத்தம் 236 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் வெப்பத்தால் காற்று மேலெழுந்து, வளிமண்டலத்தின் கீழடுக்கு தடித்து நிற்கிறது. எவரெஸ்ட் 28 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் அதன் உச்சிக்கு மேலும் கூடுதலான காற்று குவிந்திருக்கிறது. இதே மலை அலாஸ்காவில் இருந்திருந்தால், உருளையின்றி அதில் ஏறுவது அநேகமாக முடியாத காரியமாகியிருக்கும்.

அழுத்தம் பருவத்துக்குப் பருவமும் மாறும். 1980 ஆகஸ்ட் 20 அன்று மெஸ்னர் தனி ஆளாக, உருளையின்றி வடபுறம் வழியாக ஏறியது மழைக்காலத்தில். பனி புதைமணல் போல் இருந்தாலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் காலம் அது. 1999 மேயில் உருளையின்றி உச்சியில் 21 மணி நேரம் தங்கிய பாபு சிரி ஷெர்பாவுக்கும் கோடையின் அழுத்தம் ஓரளவு துணை நின்றது. நடுக்குளிர்காலத்தில் இது சுமார் 10 மில்லிமீட்டர் சரியும். உருளையின்றிப் பத்து முறை எவரெஸ்ட் ஏறிய ஆங் ரீத்தா ஷெர்பா, 1987 டிசம்பர் 22 அன்று அந்தக் குறைந்த காற்றைச் சுவாசித்துத்தான் உச்சியில் நின்றார்.