நாரோஸ்ல ஆத்துக்குள்ள நடந்தா, பள்ளத்தாக்கு ஏன் குறுகிட்டே போகுது?

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல இருக்கற சயான் நேஷனல் பார்க்குக்கு ஹைக்கிங் போறீங்கன்னா அங்க இருக்கற நாரோஸ்ங்கற ஒடுக்கமான பள்ளத்தாக்கை மட்டும் விட்றாதீங்க. ஷட்டில் பஸ்ஸோட கடைசி ஸ்டாப்புல இறங்கி ஒரு மைல் நடந்தா பாதை முடிஞ்சிடும், அதுக்கு மேல வர்ஜின் ஆத்துத் தண்ணியில இறங்கித்தான் போகணும். மேல போகப் போக ரெண்டு பக்க சுவரும் நெருங்கிட்டே வரும், சில இடத்துல அகலம் 20, 30 அடிதான், சுவரோ 1,000 அடி உயரம் நிக்குது. பஸ்ல வந்த பக்கம் அகலமா இருந்த அதே பள்ளத்தாக்கு இங்க மட்டும் ஏன் இப்படி?

விஷயம் பாறை அடுக்குல இருக்கு. மேல நிக்கறது நவாஹோ மணற்கல், ஜுராசிக் காலத்துல சஹாரா மாதிரி கிடந்த ஒரு பெரிய பாலைவனத்தோட மணல்மேடுங்கதான் இறுகி கல்லாச்சு, அன்னிக்கு காத்து அடிச்சு சரிஞ்ச மணலோட சாய்வு கோடுங்க இன்னிக்கும் சுவத்துல அப்படியே தெரியும், கிட்டப் போயி கண்டிப்பா பாருங்க. இது செங்குத்தா நிக்கற கல்லு. இதுக்கு அடியில கயெண்டான்னு வேற ஒரு அடுக்கு, வண்டலும் களிமண்ணும் கலந்தது, சீக்கிரம் அரிக்கும். ஆறு மணற்கல்லுக்குள்ளயே ஓடற வரைக்கும் நேரா கீழதான் அறுக்கும், ஆனா கயெண்டாவை தொட்டுட்டா அடியை அரிச்சு எடுத்துடும், மேல இருக்கற சுவருக்கு பிடிமானம் போயி இடிஞ்சு விழும், பள்ளத்தாக்கு அகலமாயிடும். கீழ, பஸ் வர்ற பக்கம், இது எப்பவோ நடந்தாச்சு, நாரோஸ்ல ஆறு இன்னும் மணற்கல்லைத்தான் அறுத்துக்கிட்டு இருக்கு. அதாவது நீங்க ஆத்துக்கு எதிரா நடக்க நடக்க பள்ளத்தாக்கோட இளமைக்குள்ள போறீங்க, எனக்கு இந்தப் பார்க்குல ரொம்பப் பிடிச்சது இதுதான்.

அதே பார்க்குல வீப்பிங் ராக்னு தண்ணி சொட்டற ஒரு பாறைச் சுவர் இருக்கு, அங்க நடக்கறதும் இதே அடுக்கு வேலைதான். மழைத்தண்ணி மணற்கல்லுக்குள்ள ஆயிரம் வருஷத்துக்கு மேல மெதுவா இறங்கி, கயெண்டா வழிவிடாததால பக்கவாட்டுல கசிஞ்சு சொட்டும். இந்த மாதிரி கசியற சுவருங்கள்ல பாசி, ஃபெர்ன் எல்லாம் தொங்கும், உலகத்துல வேற எங்கயும் இல்லாத சயான் நத்தையும் அந்த ஈரத்துலதான் ஒட்டிட்டு இருக்கும், குண்டூசி தலை அளவுதான், நின்னு நிதானமா பாத்தாதான் தெரியும்.

அவ்ளோ மெதுவா ஊறற கல்லு, ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் திடீர்னு கொட்டற மழையை எப்படி தாங்கும்? தாங்காது. தண்ணி மொத்தமும் வழிஞ்சு ஓடி இந்த ஒடுக்கத்துக்குள்ள வந்துடும், மழை பல மைல் தள்ளி பெய்ஞ்சிருக்கும், உங்க தலைக்கு மேல வெயிலடிக்கும். 1997 ஆகஸ்ட்ல அரிசோனாவுல ஆன்டலோப் கேன்யன்ல 11 பேர் செத்தது இப்படித்தான். 2015 செப்டம்பர்ல சயான்லயே கீஹோல் கேன்யன்ல 7 பேர்.

அதனாலதான் வெள்ள எச்சரிக்கை வந்தா நாரோஸை மூடிடறாங்க, ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினாலும் மூடல்தான். கைடு கூட வந்தா, உள்ள இருக்கும்போது அவர் பேசிக்கிட்டே தண்ணியைத்தான் கவனிப்பார், தெளிவா இருந்தது கலங்கினாலோ, குச்சியும் இலையும் மிதந்து வந்தாலோ, மேல இருந்து இரைச்சல் கேட்டாலோ ஒரு நிமிஷம் கூட நிக்கக்கூடாது. ஓடித் தப்பிக்கலாம்னு ஆத்துவழியே கீழ ஓடாதீங்க, பக்கத்துல எந்த மேடு இருந்தாலும் ஏறிடுங்க, சில அடி உயரம் கூட உயிரைக் காப்பாத்தும். பொதுவா 24 மணி நேரத்துல வெள்ளம் வடிஞ்சிடும், அதுவரைக்கும் அங்கயே இருங்க.