ரேடியோ பெட்டியில் உப்புத்தாளை வைக்கும் முன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வீடு எழுப்பும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில், உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடேறிப் பாடும் வால்வு ரேடியோவும் ஒன்று. மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று முகப்பில் ஏதாவது ஒரு பேர் இருக்கும். புளிக்கூடைக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவே பல வருஷம் கிடந்ததில் பெட்டி கருத்துப் போயிருக்கும். உடனே 80 நம்பர் உப்புத்தாள் ஒன்று வாங்கிவந்து தேய்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். காலம் கெடுத்த பெட்டியைத் தேற்றிவிடலாம். உப்புத்தாள் கெடுத்ததைத் தேற்றுவதுதான் பெரும்பாடு.

காரணம், அது முழு மரம் அல்ல. பிளைவுட் மேல் ஒட்டிய வெனீர் என்கிற மெல்லிய மரத் தாள். கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷின் சாண்டர் வைத்தால் ஓரங்களில் சில நொடியில் வெனீர் தீர்ந்து, அடியிலிருக்கும் பிளைவுட்டின் குறுக்கு ரேகை தெரியும். இன்னொன்று, முகப்பைச் சுற்றியுள்ள அந்தக் கரும்பழுப்பு பல செட்டுகளில் மரத்தின் நிறமே இல்லை. லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சோடு நிறம் கலந்து கம்பெனியில் அடித்தது. சுரண்டினால் அதுவும் சேர்ந்து போய், வெளிறிய ஒரு டப்பாதான் மிஞ்சும்.

பெட்டியைத் தொடுமுன் உள்ளே இருக்கும் சேஸிஸை, அதாவது வால்வுகளும் மற்ற பாகங்களும் பொருத்திய தகட்டை, கழற்ற வேண்டும். “பாடுதா பார்க்கலாம்” என்று பிளக்கைச் சொருக வேண்டாம். கரண்டைத் தேக்கிவைக்கும் பழைய கண்டென்சர்கள் புகைந்துவிடும். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகளில் சேஸிஸ் தகடே கரண்ட் கம்பியோடு நேராகச் சேர்ந்திருக்கும். அண்மையில் ஓட்டிய செட் என்றால், பிளக்கை உருவிய பிறகும் பில்டர் கண்டென்சரில் 250 - 300 வோல்ட் தங்கியிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்து, 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்த பிறகே கை வைக்க வேண்டும். குமிழ்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பக்கவாட்டில் ஸ்குரூ இருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள்; இல்லையென்றால் குமிழுக்குப் பின்னால் ஒரு நாடாவைச் சுற்றி நேராக இழுத்தால் வந்துவிடும்.

டயல் கண்ணாடி விஷயத்தில் எவ்வளவு சொன்னாலும் தகும். சிலோன், டெல்லி, கல்கத்தா என்ற எழுத்தெல்லாம் கண்ணாடியின் பின்பக்கம் பெயிண்டில் அச்சிட்டது. அந்தப் பெயிண்ட் இத்தனை வருஷத்தில் பொடியாகி, ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு, ஊரெல்லாம் துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்துக்கு உலர்ந்த பெயிண்டிங் பிரஷ்தான், அதுவும் தூசியை விசிறிவிடுகிற அளவுக்கு.

பெட்டியின் மேல்தட்டுக்கு உள்பக்கம் சாம்பல் வெள்ளையில் அட்டை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்; வால்வுச் சூடு மரத்தில் ஏறாமலிருக்க வைத்தது. தேய்க்காதீர்கள், கிழிக்காதீர்கள், காற்றடித்துத் தூசி தட்டாதீர்கள். இருந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கட்டும்.

இனி சுத்தம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் அரை ஸ்பூன். துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். துணி சோடா கூடாது, காரம் அரக்குப் பாலிஷைக் கரைக்கும். அடுப்புப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு டர்பன்டைனுக்கு விடும். நம் ஊர் ரேடியோக்களில் வேறொரு கறை உண்டு: வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சளும் குங்குமமும். மஞ்சள் கறையைத் தேய்க்கவே வேண்டாம், வெளிச்சத்தில் அது தானாக வெளுக்கும். நேர் வெயில் படாத ஜன்னலோரம் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். வெயிலில் வைத்தால் வெனீர் எழும்பும்.

துடைத்த பிறகு பல பெட்டிகளுக்கு வேறெதுவுமே தேவைப்படாது. மேற்பூச்சு வெடித்தோ உரிந்தோ இருந்தால் மட்டும், அது என்ன பூச்சு என்று பாருங்கள். பின்பக்க விளிம்பில் பஞ்சால் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அசையாவிட்டால் லாக்கரைக் கரைக்கும் என்.சி. தின்னர் ஒரு சொட்டு, அதில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லையென்றால் பிற்பாடு யாரோ அடித்த வார்னிஷ் அல்லது எனாமல். அதை மட்டும்தான் எடுத்தாக வேண்டும், அதுவும் பெயிண்ட் ரிமூவரால். பழைய எனாமலை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017இல்தான்.

லாக்கர் முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தால் பெட்டியைப் படுக்க வைத்து, மெத்தென்ற ஒன்றரை இஞ்ச் பிரஷ்ஷில் தின்னரைத் தொட்டு, ரேகைப் போக்கில் ஒரே இழுப்பாக விடுங்கள். பூச்சு இளகி வெடிப்பு தானாகக் கூடும். ஈரம் காயுமுன் அதே இடத்தில் மறுபடி பிரஷ் போனால் பழைய பூச்சு பிய்ந்துகொண்டு வரும். அரை மணி பொறுத்துத்தான் அடுத்த இழுப்பு. கம்பெனி பேர் எழுத்தாக அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் பிரஷ்ஷே போகக் கூடாது.

வெனீர் எழும்பியிருந்தால், அந்தக் காலத்து ஒட்டு பெரும்பாலும் வச்சிரம், அதாவது தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை, என்பது நமக்குச் சாதகம். ஈரமும் சூடும் பட்டால் மறுபடி பிடிக்கும். நனைத்துப் பிழிந்த துணியை விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைப் பத்து விநாடி வைத்து, உடனே மேலே பலகையும் பாரமும் ஏற்றி மறுநாள் காலை வரை விடுங்கள். பூச்சில் வெள்ளை படரலாம், அடுத்த பாலிஷில் மறையும். அதற்கும் படியாவிட்டால் ரேகையோடு பிளேடால் கீறி, சிரிஞ்சில் பெவிகாலைச் செலுத்தி, பாலித்தீன் தாள், அதன்மேல் பலகை, ஜி கிளாம்ப், 24 மணி நேரம். பாலித்தீனை மறந்தால் பலகையும் பெட்டியும் ஒன்றாகிவிடும்.

சின்னத் துளைகளும் மாவு மாதிரி தூளும் இருந்தால் உளுப்பூச்சி. பெட்டிக்கடியில் கறுப்புக் காகிதம் விரித்துப் பத்து நாள் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம், 40 கிராம் போரிக் பவுடர் கரைத்து, உள்பக்க வெறும் மரத்தில் மட்டும் ஒருநாள் விட்டு இரண்டு கை பூசலாம். வெனீர்ப் பக்கம் பட்டால் ஒட்டு விடும். மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வால்வு சூடேறும் பெட்டிக்குள் அது எதற்கு?

மேல்பூச்சுக்கு அரக்குப் பாலிஷே போதும். அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 100 கிராம் அரக்குச் சில்லு, கண்ணாடி ஜாடியில் ஒரு ராத்திரி ஊறி, வேட்டித் துணியில் வடிகட்டியது. இரும்பு டின்னில் வைத்தால் கருக்கும். ஆறு மாதம் தாண்டிய கரைசல் காயாமல் கையில் ஒட்டும், ஆகவே ஜாடியில் தேதி எழுதுங்கள். பஞ்சைத் துணியில் கட்டிய பொட்டணத்தால் நான்கைந்து கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி இடைவெளி. இரண்டாவது கைக்குப் பிறகு 400 நம்பர் தாளால் தடவுவதுபோல ஒரு தேய்ப்பு. இந்த இடத்தில் மட்டும்தான் உப்புத்தாளுக்கு வேலை. அறையில் விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது; ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலிஷைத் தொடாதீர்கள், ஈரக்காற்றில் பால் படர்ந்த மாதிரி வெளுக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியிலும் பனி விலகிப் பத்து மணிக்கு மேல்தான். சித்திரை வெயிலில் நேர்மாறு: ஸ்பிரிட் நொடியில் பறந்து கோடு கோடாக நிற்கும், விடிகாலையில் முடித்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் துணி கிழிந்திருந்தால், வாயை வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் போகிற துணியாகப் பார்த்து மாற்றுங்கள். கனத்த சோபாத் துணி அழகாக இருக்கும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வரும்.

மெக்கானிக் பார்த்துக் கொடுத்த சேஸிஸைத் திரும்பப் பொருத்தும்போது, குமிழின் ஸ்குரூத் துளையில் இருந்த மெழுகை அழுக்கென்று எடுத்திருப்பீர்கள். அது கம்பெனி வைத்தது. விரல் அந்த ஸ்குரூவில் பட்டால் ஷாக் அடிக்கும் என்பதற்காக. மெழுகுவத்தியைச் சாய்த்து ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு மூடுங்கள். பின்பக்க அட்டையின் காற்றுத் துளைகளை அடைக்காமல் அதையும் மாட்டிய பிறகே பிளக்.