சிமுலேஷன்: உருவகமா, உவமையா?

மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று கட்டட ஆற்றல் ஆலோசகரிடம் கேட்டால், "சிமுலேஷன் ரன் பண்ணிப் பார்த்துச் சொல்றேன்" என்பார். பேச்சில் இது போதும். ஆனால் அறிக்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் உருவகப்படுத்தல், பாவனை, போலச்செய்தல், ஒப்புருவாக்கம் என்று நாலைந்து சொற்கள் வந்து நிற்கும். எதை எடுப்பது? அதற்கு முன், அந்த ஆலோசகர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்துவிடலாம்.

இத்துறையில் பரவலாகப் புழங்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் உருவாகி 2001-இல் வெளிவந்தது, இலவசம். சுவரின் தடிமன், கூரைப் பொருள், கண்ணாடியின் தன்மை, எத்தனை பேர் எத்தனை மணிக்கு வருவார்கள், விளக்குகள் எத்தனை வாட், ஏசி எத்தனை டிகிரியில் நிற்கும் என்று எல்லாவற்றையும் ஓர் உரைக்கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே அந்த ஊரின் வானிலைக் கோப்பு. ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் மென்பொருள் சிறு சிறு துண்டுகளாக நகர்த்தும். நாம் மாற்றாவிட்டால் ஒரு துண்டு 10 நிமிடம். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு அறைக்குள்ளும் எவ்வளவு வெப்பம் வந்தது, எவ்வளவு போனது என்று கணக்குப் பார்த்து, மிச்சத்தை ஏசியின் தலையில் கட்டும். ஆண்டுக் கடைசியில் யூனிட் கணக்கு வந்துவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வானிலைக் கோப்புதான். சென்னைக்கும் அப்படி ஒன்று உண்டு. பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து வழக்கமான ஜனவரி ஒன்று, வழக்கமான பிப்ரவரி ஒன்று என்று வெவ்வேறு ஆண்டுகளின் மாதங்களைப் பொறுக்கி ஒட்டிய ஆண்டு அது. வர்தா புயல் அடித்த டிசம்பர் மாதிரி ஒரு மாதம் அதில் இடம்பிடிப்பது கடினம். அதாவது எந்தக் காலண்டரிலும் நடக்காத ஓர் ஆண்டில், இன்னும் கட்டாத ஒரு கட்டடத்தை ஓட்டிப் பார்க்கிறோம்.

வரலாறு சுருக்கமாக: 1960-களின் இறுதியில் அமெரிக்க அஞ்சல் துறை தன் கட்டடங்களுக்காக இப்படி ஒரு நிரலை எழுத வைத்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வேகம் பிடித்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் பிளாஸ்ட், எரிசக்தித் துறையின் பணத்தில் டிஓஇ-2 என இரண்டு மென்பொருள்கள் வளர்ந்தன. அவற்றின் வாரிசுதான் எனர்ஜிபிளஸ்.

இனி சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் 'போன்ற'. அதிலிருந்து 'சிமுலாரே', போலச் செய்தல், நடித்தல். ஆங்கிலத்துக்குள் வந்த சிமுலேஷன் பல நூற்றாண்டுகள் பாசாங்கு, வெளிவேஷம் என்ற கெட்ட பொருளில்தான் இருந்தது. ஒன்றின் நடத்தையைக் கணக்கால் பின்பற்றிப் பார்ப்பது என்ற பொருள் 20-ஆம் நூற்றாண்டில் கணினியோடு வந்து ஒட்டிக்கொண்டது. அதே 'சிமிலிஸ்' வேரில் முளைத்த இன்னொரு சொல் சிமிலி. நம் இலக்கணத்தில் உவமை.

இங்கேதான் 'உருவகப்படுத்தல்' எனக்கு இடிக்கிறது. தாமரைமுகம் என்றால் உவமை. முகத்தாமரை என்றால் உருவகம். உவமையில் இரண்டும் தனித்தனியாக நிற்கும். உருவகத்தில் அதுவே இது என்று ஒன்றாகிவிடும். கட்டட ஆற்றல் கணக்கில் அந்த இடைவெளியை அழித்தால் ஆபத்து. கணினி சொன்ன யூனிட்டுக்கும் மீட்டர் காட்டும் யூனிட்டுக்கும் வித்தியாசம் வருவது இத்துறையின் பழைய தலைவலி. எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுக்கலாம் என்பதற்கே ஆஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பின் 14-ஆம் வழிகாட்டியில் அளவு இருக்கிறது. மாதவாரியாக ஒப்பிட்டால் சராசரிச் சாய்வு, அதாவது கூடுதல் குறைச்சலைக் கழித்த பின் மொத்தத்தில் நிற்கும் விலகல், 5 விழுக்காட்டுக்குள். மணிவாரியாக ஒப்பிட்டால் 10 விழுக்காட்டுக்குள். 'அதுவே இது' என்று சொல்லும் சொல் இந்த வேலைக்குத் தோதில்லை. பழகிய சொல் என்று வாதிடலாம், மறுக்கவில்லை.

'பாவனை' நல்ல சொல்தான், நடிப்பு என்ற பொருளும் லத்தீனோடு ஒத்துப்போகிறது. சிக்கல் இலங்கையில். அங்கே பாவனை என்றால் பயன்பாடு. மின் பாவனையாளர் என்றால் மின் நுகர்வோர். 'கட்டட மின் பாவனை அறிக்கை' என்று தலைப்பிட்டால், யாழ்ப்பாணத்து வாசகர் மீட்டர் கணக்கைத் தேடுவார். கணித்ததற்கும் செலவானதற்கும் ஒரே சொல் என்றால் இந்தத் துறையில் குடும்பமே நடத்த முடியாது.

'போலி' இன்னும் பாவம். முதற்போலி, இடைப்போலி, இலக்கணப்போலி என்று இலக்கணத்தில் மரியாதையாக இருந்த சொல். இன்று போலி மருத்துவர், போலி நோட்டு. சிமுலேஷன் பாசாங்கிலிருந்து அறிவியலுக்கு ஏறியது. நம் போலி எதிர்த்திசையில் இறங்கிவிட்டது. 'போலச்செய்தல்' பொருளில் சரி, ஆனால் 'போலச்செய்தல் மென்பொருள்' என்று எழுதிப் பாருங்கள், நடை தடுக்கும்.

'ஒப்புருவாக்கம்' கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதிலுள்ள 'உரு' மட்டும்தான் உறுத்துகிறது. தொல்காப்பியம் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. செயலால் ஒப்பது, பயனால் ஒப்பது, வடிவால் ஒப்பது, நிறத்தால் ஒப்பது. கட்டடக் கலைஞர் திரையில் சுழற்றிக் காட்டும் முப்பரிமாணப் படம் வடிவாலும் நிறத்தாலும் ஒப்பது. எனர்ஜிபிளஸுக்கு அந்த அழகெல்லாம் தேவையில்லை. மரம், பூந்தொட்டி, வரவேற்பறைச் சோபா எதுவும் வேண்டாம். வெயிலுக்குக் கட்டடம் எப்படிச் சூடாகும், இரவில் எப்படி ஆறும் என்ற நடத்தை ஒத்தால் போதும். அது வினை உவமம். ஆகவே நான் 'ஒப்பியக்கம்' என்று எழுதுகிறேன். ஒப்பு, இயக்கம் இரண்டும் தெரிந்த சொற்கள், 'ரன் பண்ணு' என்பதும் அதற்குள் இருக்கிறது. ஒப்பியக்கிப் பார்த்தோம், ஒப்பியக்க மென்பொருள், ஒப்பியக்க முடிவு என்று வளைந்தும் கொடுக்கிறது.

பொதுமக்களுக்கு எழுதும்போது இதுகூட வேண்டாம். சுனாமி ஒத்திகை, தீயணைப்பு ஒத்திகை என்று மக்கள் ஏற்கெனவே புழங்கும் 'ஒத்திகை' அழகாகப் பொருந்தும். என்ன, கட்டடம் எழுந்து மூன்று வருடம் கழித்து, பில்லோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்காக ஓட்டும் கணக்கை ஒத்திகை என்று சொல்ல முடியாது. அரங்கேற்றம் முடிந்துவிட்டதே.

ஒரு பக்கத்துச் சொல்லையும் பிரித்து வைக்க வேண்டும்: எமுலேஷன். பில்டிங் ஆட்டோமேஷன் செய்பவர்கள் ஏசியைக் கட்டுப்படுத்தும் நிஜக் கன்ட்ரோலரை மேசையில் வைத்து, அதைக் கணினிக்குள் ஓடும் கட்டடத்தோடு இணைத்துச் சோதிப்பார்கள். கன்ட்ரோலருக்கு வித்தியாசம் தெரியாது. அறை 27 டிகிரி என்று தகவல் வந்தால் வால்வைத் திறக்கச் சொல்லும். இங்கே கணினி, கட்டடத்தின் இடத்திலேயே போய் நின்றுகொள்கிறது. இதன் லத்தீன் வேருக்குப் போட்டியிட்டுச் சமமாவது என்று பொருள். 'சிமிலிஸ்' வேருக்கும் இதற்கும் உறவில்லை. இதற்குப் 'பதிலியக்கம்' சரியாக இருக்கும். உருவகம் என்ற சொல்லைக் கட்டாயம் எங்காவது பயன்படுத்தியே தீர வேண்டும் என்பவர்களுக்கும் இந்த இடத்தைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்.