எந்தத் திருநெல்வேலி?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் விற்கும் கடை அது. போன மாதம் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, லண்டனிலை இருக்கிற மகள் எங்கட கடையைத் தேட, தமிழ்நாட்டுக் கடையள்தான் வருதாம். இணையத்தளம் செய்தவையைக் கேட்டா எல்லாம் சரி எண்டினம்."

தளம் வடிவாகத்தான் இருந்தது. அடியில் "திருநெல்வேலி", விலைகளுக்கு முன்னால் "ரூ." எங்களுக்கு இது காணும். தேடுபொறிக்குக் காணாது. தாமிரபரணிக் கரையிலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, ரூபாய் இந்தியாவிலும் ஓடுகிறது. 021 என்று தொடங்கும் இலக்கத்தை லண்டனிலிருந்து அப்படியே அழுத்தினாலும் கடைக்கு மணி அடிக்காது.

இந்த மயக்கத்தைத் தீர்க்கத்தான் கட்டமைக்கப்பட்ட தரவு. 2011 யூனில் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்தொகுதியைக் கொண்டுவந்தன. இது கடைப் பெயர், இது விலை, இது திறக்கும் நேரம் என்று இயந்திரத்துக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கிற வேலை அது. இப்போது பெரும்பாலும் ஜேசன்-எல்டி என்ற வடிவத்தில், பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீட்டுத் துண்டாக எழுதுகிறோம். நாட்டுக்கு எல்கே (இலங்கை), நாணயத்துக்கு எல்கேஆர் (இலங்கை ரூபாய்), அஞ்சல் குறியீடு 40000, தொலைபேசிக்கு +94 21. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கடை பிந்தித்தான் பூட்டுவார்கள். அந்த நாட்களுக்குத் தனி நேரமும் போடலாம்.

அன்று இரவே எழுதி, தளம் பார்க்கும் பெடியனுக்கு வேர்ட் கோப்பில் அனுப்பினேன். என்னுடைய பிழைதான். வேர்ட் நேர் மேற்கோள் குறிகளை வளைத்துவிட்டது. ஒரு குறி வளைந்தாலே முழுத் துண்டும் வாசிக்க முடியாமற் போகும், ஆனால் பக்கத்தைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் துண்டைச் சோதித்துப் பார்க்கும் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தபோதுதான் பிடிபட்டது. அதில் வராத வகைகளைப் பார்க்க ஸ்கீமா.ஆர்க்கின் வலிடேட்டர் இருக்கிறது. இரண்டும் இலவசம். பிறகு வரும் பிழைகளை, தளச் சொந்தக்காரருக்குக் கூகுள் தரும் சேர்ச் கொன்சோல் காட்டித் தரும்.

எல்லாம் சரிவந்த பிறகு முதலாளிக்கு இன்னொரு ஆசை: "அஞ்சு நட்சத்திரத்தையும் அதுக்குள்ள போட்டுவிடுங்கோவன்."

மாட்டேன் என்றேன். ஒரு கடை தன் தளத்தில் தனக்கே போடும் மதிப்பீட்டுக்கு 2019 செப்டெம்பர் முதல் கூகுள் நட்சத்திரம் காட்டுவதில்லை. இல்லாத விமர்சனத்தை எழுதிப் பிடிபட்டால், தேடல் முடிவில் வரும் விலை போன்ற மற்றச் சிறப்புக் காட்சிகளும் அந்தப் பக்கத்துக்குக் கிடைக்காமற் போகலாம். பக்கத்தில் ஆட்கள் கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும்தான் குறியீட்டில் எழுதலாம். ஐந்து நட்சத்திரம் வேண்டுமென்றால், வாங்கிப்போகிறவர்களைக் கூகுள் வரைபடத்தில் எழுதச் சொல்லுங்கோ என்றேன். அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை.

இதைப் போட்டால் முதலாம் இடம் வரும் என்று காசு கேட்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். குறியீடு அப்படி வாக்குறுதி தராது, கூகுளும் தராது.

போன கிழமை ஒடியல் மாவின் விலை ஏறியது. பெடியன் பக்கத்தில் மாற்றினான், குறியீட்டில் மறந்துவிட்டான். இப்போது விலை மாற்றுகிற நாளில் டெஸ்டின் திரைப்பிடிப்பையும் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.