நோட்புக் ‘செல்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நிரலையும் விளக்கத்தையும் ஒரே ஏட்டில் எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான ஜூபிட்டர் நோட்புக்கில் வேலை செய்பவர் வாயில் அடிக்கடி வரும் சொல் செல். நிரலோ விளக்கக் குறிப்போ எழுதும் ஒரு துண்டு, நிரலாக இருந்தால் அதன் விடையும் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான் செல். தனியாக ஓட்டலாம், மேலே கீழே நகர்த்தலாம், வேண்டாமென்றால் தூக்கிவிடலாம்.

மூலம் லத்தீன். ‘செல்லா’ என்றால் சிற்றறை. துறவியின் தனியறைக்கும் கைதியின் கொட்டடிக்கும் அதே பெயர் போனது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே தெரிந்த குட்டிக் குட்டி அறைகளுக்கு இந்தப் பெயரை வைக்க, சொல் உயிரியலுக்குள் வந்துவிட்டது. கணக்கிடும் குறிப்பேட்டில் இது 1988இல் வந்த மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருளிலேயே உண்டு. 2011இல் ஐபைதான் நோட்புக், அதிலிருந்து 2014இல் பிரிந்து வளர்ந்த ஜூபிட்டர், இப்போது நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் எல்லாமே அதே வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டன.

சரி, தமிழில்? உயிரணு இங்கே பொருந்தாது, அது உயிரியலோடு நிற்கட்டும். கலம் என்று சிலர் எழுதுகிறார்கள், விரிதாளுக்கும் அது புழங்குகிறது, ஆனால் கலம் என்றதும் பாத்திரமும் கப்பலும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. என் ஓட்டு கட்டத்துக்கு. திரையில் கோடு போட்டுப் பிரித்த பகுதியும் கட்டம், வேலையில் அடுத்த படியும் கட்டம். நோட்புக்கை ஓட்டுவது கட்டம் கட்டமாகத்தானே! நோட்புக்குக்குக் குறிப்பேடு போதும்.

எடிட்டரில் குறிப்பேட்டின் தோற்றத்தை மாற்றும் இடத்துக்குப் போனாலும் பேச்செல்லாம் கட்டத்தைப் பற்றித்தான். விஎஸ் கோடில் ‘கஸ்டமைஸ் நோட்புக் லேஅவுட்’ என்று ஒன்று இருக்கிறது, குறிப்பேட்டுத் தோற்ற அமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கட்டத்தின் கருவிப்பட்டை வலப்பக்கமா இடப்பக்கமா, இல்லை மறைந்தே இருக்கட்டுமா, புதுக் கட்டம் சேர்க்கும் பொத்தான் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வரட்டுமா மேல்பட்டையில் வரட்டுமா, நாம் நிற்கும் கட்டத்தைச் சுற்றிலும் கோடு போட்டுக் காட்டுவதா ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் போதுமா என்று வரிசையாகக் கேட்கும். நடுவில் வரும் பொத்தானை நான் எடுத்துவிடச் சொல்வேன், சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் தலைகாட்டித் தொல்லை கொடுக்கும்.

வரி எண் முதலில் அணைந்தே இருக்கும். எஸ்கேப்பைத் தட்டிக் கட்டத்துக்குள்ளிருந்து வெளியே வந்து, எல் விசையை அழுத்தினால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் எண் வரும். பிழைச்செய்தி ஏழாவது வரி என்று சொல்லும்போது விரலால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

கட்டத்தின் அடியில் வருவதை வெளியீடு என்கிறோம். புத்தக வெளியீட்டோடு குழம்பும் என்றால் விடை என்றே சொல்லிவிடலாம், படம் வந்தாலும் அட்டவணை வந்தாலும் கேட்ட கேள்விக்கு வந்த விடைதானே. எழுத்தாக வரும் விடையில் 30 வரிக்கு மேல் போனால் விஎஸ் கோட் தானாகவே வெட்டிக் காட்டும். அந்த எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது விடைப் பகுதிக்குள்ளேயே உருட்டிப் பார்க்கும்படி வைக்கலாம். இயந்திரக் கற்றல் மாதிரிக்குப் பயிற்சி ஓடும்போது நூற்றுக்கணக்கில் வரி கொட்டும் வேலையாக இருந்தால் உருட்டல்தான் நல்லது, இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தைத் தேடி எங்கேயோ போக வேண்டியிருக்கும். நீளமான வரியை மடிப்பதற்கும், விடையின் எழுத்தளவுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு.

இன்னொன்று, பட்டை, கோடு, எழுத்தளவு பற்றிய இந்த அமைப்புகள் குறிப்பேட்டுக் கோப்பில் ஏறாது. கோப்புக்குள் இருப்பது வரிசையாகக் கட்டங்களும் அவற்றின் விடைகளும், ஜேசன் என்ற எழுத்துத் தரவு வடிவில். எப்படிக் காட்டுவது என்பது எடிட்டரின் பாடு. அதனால் நீங்கள் அழகாக அடுக்கி வைத்த குறிப்பேட்டை நண்பருக்கு அனுப்பினால், அவருடைய எடிட்டரில் அவருடைய அமைப்பில்தான் திறக்கும். ஒரே திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே தோற்றம் வேண்டுமென்றால் அமைப்புகளைத் திட்டக் கோப்புறைக்குள் இருக்கும் செட்டிங்ஸ் கோப்பில் எழுதி, அதையும் சேர்த்து அனுப்புங்கள்.