நாடுகடத்தப்பட்ட அரசா, புகலிட அரசா?

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘நாடுகடத்தப்பட்ட செக்கோஸ்லோவாக்கிய அரசின் தலைவர் எட்வர்ட் பெனெஷ்’ என்ற தொடரை மறுபடியும் படிக்க நேர்ந்தது. அவரை நாடுகடத்தியது யார் என்று மொழிபெயர்த்தவர் தம்மையே கேட்டிருந்தால் அந்தச் சொல்லைத் தொட்டிருக்க மாட்டார்.

சொந்த நாட்டுக்கு வெளியிலிருந்து இயங்கும் அரசைக் குறிக்கும் ‘கவர்ன்மென்ட் இன் எக்ஸைல்’ என்பதே ஆங்கில மூலத்தொடர். அதிலுள்ள ‘எக்ஸைல்’ இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. துரத்தப்பட்டோ தானாக வெளியேறியோ சொந்த மண்ணுக்கு வெளியே வாழும் நிலையை அது குறிக்கும். தமிழில் ‘கட’ தன்வினை, ‘கடத்து’ பிறவினை. நாடுகடத்தல் என்பது அதிகாரம் உள்ளவர் பிறருக்கு விதிக்கும் தண்டனை. கண்டியின் கடைசி அரசனை ஆங்கிலேயர் 1816இல் வேலூருக்கு அனுப்பியது நாடுகடத்தல். பெனெஷோ, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லரின் ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்க பிரிட்டனும் பிரான்சும் இணங்கிய மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பின் 1938 அக்டோபர் 5 அன்று குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து விலகி, அதே மாதம் தாமாகவே லண்டன் சென்றவர். அந்த விலகல் ஹிட்லரின் மிரட்டலால் நேர்ந்ததாகையால் செல்லாது, ஆகவே குடியரசும் அதன் தலைமையும் அறுபடாமல் தொடர்கின்றன என்பதே போர்க்காலம் முழுவதும் அவர் முன்வைத்த வாதம். 1940 ஜூலையில் பிரிட்டன் அவருடைய அரசைத் தற்காலிக அரசாக ஏற்றதும், 1941 ஜூலையில் முழுமையாக அங்கீகரித்ததும், 1942 ஆகஸ்டில் மியூனிக் ஒப்பந்தம் இனித் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்ததும் அந்த வாதத்துக்குக் கிடைத்த வெற்றிகள். ‘நாடுகடத்தப்பட்ட’ என்றெழுதும்போது, அவர் வாழ்நாளெல்லாம் மறுத்த அதிகாரத்தை நாம் ஹிட்லருக்கு வழங்கிவிடுகிறோம்.

‘புலம்பெயர் அரசு’ என்பாரும் உளர். பட்டினப்பாலையின் ‘புலம்பெயர் மாக்கள்’ காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது உறைந்தவர்கள். இழந்த நாட்டின்மேல் உரிமை கோரும் குரல் அச்சொல்லில் இல்லை. ‘நாடுகடந்த’ என்பது இலக்கணப்படி பிழையற்றதே எனினும், பல நாடுகளில் பரவி இயங்கும் அமைப்புகளுக்கு அது ஏற்கெனவே உரியதாகிவிட்டது.

என் தேர்வு ‘புகலிட அரசு’. ‘புகலிட இலக்கியம்’ ஈழத்தவர் எழுத்தில் வேரூன்றிய வழக்கு. புகலிடம் கொடுத்த அரசு என்று மயங்க இடமுண்டு என்ற தடை நியாயமானது. முதல் இடத்தில் ‘புகலிடத்திலிருந்து இயங்கிய அரசு’ என விரித்தெழுதிப் பின்னர் சுருக்கினால் மயக்கம் தீரும். இரண்டு சொல் கூடுதலாக எழுதச் சலித்து, அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டிவிடும் பழக்கம் இன்று மொழிபெயர்ப்பாளரிடையே பரவியிருப்பது வருத்தம் தருகிறது. அந்த மொழிபெயர்ப்பிலேயே, 1945 மே 16 அன்று பெனெஷ் பிராக் நகருக்கு வந்ததை ‘தண்டனை நீங்கித் திரும்பினார்’ என்று எழுதியிருந்தார்கள். அவர் திரும்பியது நாட்டின் குடியரசுத் தலைவராக.