கிணறு நிறையத் தண்ணீர், வாயில் வைத்தால் உப்பு

யாழ்ப்பாணத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் பலரும் தை, மாசி என்பார்கள். மழை ஓய்ந்திருக்கும், வயலெல்லாம் பச்சையாக இருக்கும், வெயிலும் தாங்கும். நான் செப்டம்பரில் போகச் சொல்வேன். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும், இறைப்பு நடக்கிற தோட்டங்களைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்தான், ஆனால் இந்தக் குடாநாடு எந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது என்பது அப்போதுதான் நாக்கில் தெரியும்.

தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் தென்மேற்கில் மழையைக் கொட்டுகிறது. வடக்கே தட்டை நிலம், காற்றைத் தூக்கிக் குளிரவைக்க ஒரு மலை கிடையாது, அதனால் வெறும் காற்றுதான் வீசும். ஆண்டு முழுவதும் சேர்த்து 1,200, 1,300 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடுகிறது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை, வழுக்கையாற்றில் மாரியில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். அப்புறம் மிச்ச மாதங்களுக்கு?

காலுக்குக் கீழே இருக்கிறது. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகி, அந்தக் கல்லை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அரித்து வெடிப்பும் பொந்துமாக ஆக்கி வைத்திருக்கிறது. பெய்யும் மழை அதற்குள் இறங்குகிறது. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் கடல், மேற்கிலும் தெற்கிலும் கடல்நீரேரி. அந்த உப்புநீரும் அதே பொந்துகளுக்குள் புகுந்திருக்கிறது. கடல்நீர் கனமானது, நன்னீரைப்போல சுமார் 1.025 மடங்கு. ஆகவே மழைநீர் அதன் மேல் மிதக்கிறது. பாரம் ஏற்றிய தோணி போலத்தான், மேலே தெரிவது கொஞ்சம், அமிழ்ந்திருப்பது நிறைய.

எவ்வளவு நிறைய என்பதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் பாடன் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். இப்போது இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மாரி முடியும்போது நீர்மட்டம் கடலைவிட 50 சென்டிமீட்டர் மேலே நின்றது என்று வையுங்கள், அப்படியென்றால் அடியில் 20 மீட்டர் நன்னீர். கோடை முடிவில் அது 25 சென்டிமீட்டராக இறங்கினால் அடியில் 10 மீட்டர்தான். கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கு நீர் ஒரு சாண் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாமல் உப்பு 10 மீட்டர் ஏறி வந்திருக்கிறது!

உண்மையில் இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட எல்லை இருப்பதில்லை, கலங்கிய ஒரு படலம் இருக்கும், மாற்றமும் உடனே நடக்காது. ஆனாலும் போக்கு இதுதான். கிணறு வற்றுவதற்கு முன்பே அதன் தண்ணீர் உவராகிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது, 250ஐத் தாண்டினாலே பலருக்கும் உப்புக் கரிக்கத் தொடங்கும். அதாவது நூறு குடம் நல்ல தண்ணீரைக் கெடுக்க ஒன்றிரண்டு குடம் கடல்நீர் போதும்.

இதைக் கேத்தலில் படியும் வெள்ளைப் பொருக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சுண்ணாம்பு, கரைந்த கல் சூடு பட்டதும் திரும்பப் படிவது, ஆண்டு முழுவதும் படியும். சவர்க்காரம் நுரைக்காததற்கும் முதலில் அந்தச் சுண்ணாம்பைத்தான் சொல்ல வேண்டும். கோடையின் கடைசியில் தேநீரில் தெரிகிற கரிப்பு மட்டும்தான் கடல்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குப் போங்கள். கீழே குகையாக அரிபட்ட சுண்ணாம்புக்கல்லின் கூரை இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது, ஊர்க்காரர்களுக்கு அடியில்லாக் கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர், இரண்டும் ஒரே கிணற்றில். கீரிமலைக் கேணியில் அடுத்த பாதியைப் பார்க்கலாம்: கடற்கரை ஓரத்திலேயே நன்னீர் ஊறி வருகிறது. நிலத்தடி நீர் யாரும் இறைக்காவிட்டாலும் எந்நேரமும் கடலை நோக்கிக் கசிந்துகொண்டிருப்பதை அங்கே நின்றால் காணலாம்.

இறைக்கும் விதமும் முக்கியம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்தபோது கிணறும் ஆறியது. மின்மோட்டார் களைக்காது. ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சும்போது அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலெழும்பி, உறிஞ்சும் குழாயின் வாய்வரை வந்துவிடும். பக்கத்து வளவில் மெதுவாக இறைப்பவரின் கிணறு நல்ல தண்ணீராகவே இருக்கலாம், வெடிப்புகள் எப்படி ஓடுகின்றன என்பதையும் பொறுத்தது அது. எனவே உப்பு ஏறிய கிணற்றை இன்னும் ஆழமாக்குவது மிக மோசமான யோசனை, உப்பை நோக்கித்தான் தோண்டுகிறோம்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது, நல்லது. ஆனால் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அந்தத் தண்ணீர் போகாது, தோட்டம் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வளவு முழுக்கச் சீமெந்து போட்டு, குளங்களைத் தூர்த்து, மாரி மழையை வெள்ளவாய்க்காலில் கடலுக்கு அனுப்புவது. அப்படிப் போகும் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீர்மட்டமும் அடியில் 40 சென்டிமீட்டர் நன்னீர்.